பள்ளிக்கூடக் களத்துக் காவல்காரர்

மாது அண்ணன் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடக்கி மறுகாலை ஊன்றியிருப்பார், யாரோ கூப்பிட்டதும் எழுந்து ஓடப் போகிறவர் போல. அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தச் சாலையில் ஓடிய பஸ்ஸில் கிளீனராக இருந்தார். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளினார், அங்கேயே மீன் வறுக்கிற கடையில் அடுப்பு பார்த்தார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனார். முதலாளி திட்டினாரா என்று கேட்டால், "அவரு நல்ல மனுசன்ப்பா, எனக்குத்தான் கால் அரிச்சிது" என்பார்.

அவர் ஒவ்வொரு முறை கிளம்பியபோதும் அவருடைய மனைவி செல்லி அண்ணி இரண்டு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் கொல்லையில் கடலைக்காய் பிடுங்கப் போனார். அவர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷனுக்கு ஊரிலேயே ஒரு சம்பள வேலை வேண்டும், மாதம் பிறந்தால் கைக்குப் பணம் வர வேண்டும், ஆள் வீட்டில் இருக்க வேண்டும். இதைத் தவிர அவர் சாமியிடம் வேறு எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. கடைசியில் ஒன்றிய உறுப்பினர் வீட்டு வாசலில் நடையாய் நடந்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் காவல்கார வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார். தற்காலிக வேலைதான். தலைமையாசிரியர் நல்லபடியாக எழுதி அனுப்பினால் நிரந்தர ஆர்டர் வரும் என்றார்கள். சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம் அது.

பள்ளிக்கூடம் நிற்கிற இடம் முன்பு ஊரின் பொதுக் களம். சொந்தமாகக் களம் இல்லாதவர்கள் கேவுரு என்கிற கேழ்வரகு, சாமை, கொள்ளு எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுவந்து அடித்தார்கள். பள்ளிக்கூடம் வேண்டுமென்று சர்க்கார் இடம் கேட்டபோது, இதைவிடச் சமமான இடம் ஊரில் வேறு இல்லாததால் பெரியவர்கள் களத்தையே கொடுத்துவிட்டார்கள். தை மாதம் மட்டும் போரடித்துக்கொள்வோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். தாளில் எழுதவில்லை. பத்து வருடம் அப்படியே நடந்தது. ஜனவரியில் பாதி மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள், மீதிப் பாதியில் கதிரை மிதித்துக்கொண்டு மாடுகள் பிணையல் சுற்றும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு அரூருக்கு நடந்து, சேலம் கல்லூரியில் பி.ஏ. முடித்தவன் நான். எங்கள் ஊரில் முதல் பட்டம் என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அரூருக்கு நடக்கிற அந்த நடையை நிறுத்தத்தான் புதிய தலைமையாசிரியர் சவுரியப்பன் வந்தார். அவரும் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான், விவசாயக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளி ஆக்கிவிட வேண்டும் என்று இரவும் பகலும் மனுப் போட்டார். அதற்கு வகுப்பறை வேண்டும், ஆய்வுக்கூடத்துக்கு இடம் வேண்டும், சுற்றிலும் வேலியோடு விளையாட்டு மைதானம் வேண்டும். ஊர் ஊராக வசூல் பண்ணி முள்கம்பி வேலி போட்டார். கேட்டில் ஒரு பலகை தொங்கவிட்டார்: 'அனுமதியின்றி உள்ளே நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' வேப்பங்கன்றுகள் நட்டார். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மாது அண்ணன் வேலியைச் சுற்றிச் சுற்றி வருவார். அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் அவருடைய துண்டுதான் உட்கார்ந்திருந்தது.

பலகையை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை மதித்தார்கள். அறுபத்தொன்பதாம் வருடம் பொங்கல் லீவில், வாசிக்கத் தெரியாத குள்ளம்மாள் கேவுருக் கதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார். அவர் மாது அண்ணனின் கூடப் பிறந்த அக்கா. கணவர் இறந்த பிறகு தனியாளாக மானாவாரி நிலத்தில் ஏர் ஓட்டுவித்து இரண்டு மகன்களை ஆளாக்கியவர். வாய் கொஞ்சம் நீளம். தம்பி பலகையைக் காட்டினார். "பலகை பாட்டுக்குத் தொங்கட்டும்டா, அது என்ன கேவுரு கேக்குதா?" என்றார் அக்கா. தம்பி கேட்டைத் திறந்துவிட்டார்.

லீவு முடிவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று இருவருமே நினைத்தார்கள். கதிர் காய்ந்தது, மாடு கட்டிப் பிணையல் ஓட்டினார்கள், கேவுருத் தாளை உதறிக் கொட்டி, உமியோடு கிடந்த மணியைப் பொலியாகக் குவித்தார்கள். தூற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்துக் காற்று நின்றுபோனது. முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கொட்டினால் மணியும் உமியும் ஒன்றாகவே கீழே விழுந்தன. குள்ளம்மாள் குவியலைச் சுற்றி நடப்பார், வேப்பங்கன்றின் இலையைப் பார்ப்பார், சித்தேரி மலைப் பக்கம் பார்ப்பார், மறுபடி நடப்பார். அவருடைய மாடு அவிழ்ந்து போய் இரண்டு கன்றுகளைக் கடித்தது. காற்று வரவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று சனிக்கிழமை தகவல் வந்தது. தலைமையாசிரியர் பதறிப்போனார். மாது அண்ணனைக் கூப்பிட்டு, போய் உங்கள் அக்காவை உடனே வெளியே போகச் சொல்லுங்கள், திங்கட்கிழமை மைதானம் துடைத்த மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

வேலை தேடி விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருந்த காலம் அது எனக்கு. அந்தச் சனிக்கிழமை நான் மைதானத்தில்தான் இருந்தேன். மாது அண்ணன் விறுவிறுவென்று வந்தார். களத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டார். குவியலை ஒரு சுற்று சுற்றினார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். எங்கள் ஊரில் களத்தில் பொலி கிடக்கும்போது சில வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. இல்லை என்று சொல்லக் கூடாது, போதும் என்று சொல்லக் கூடாது, முக்கியமாக யாரையும் போ என்று சொல்லக் கூடாது. சொன்னால் விளைச்சலும் கூடவே போய்விடும் என்பார்கள். நாயை விரட்டக்கூடக் கையைத்தான் ஓங்குவார்கள். மாது அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். சாயங்காலம் வீட்டுக்கு வா, களி கிண்டியிருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிப் போனார்.

தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார், சொல்லியாயிற்றா என்று. சொல்லிட்டேனுங்க என்று பதில் சொல்லிவிட்டு மாது அண்ணன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் இலை அசையவில்லை. திங்கட்கிழமை ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி முதலில் பார்த்தது கேவுருப் பொலியைத்தான். அவர் நடந்த இடமெல்லாம் சாணியும் தாளும். இது பள்ளிக்கூடமா, களமா என்று கேட்டாராம். தலைமையாசிரியர் குள்ளம்மாளிடம் ஓடிவந்து, சொல்லி அனுப்பிய பிறகும் ஏன் போகவில்லை என்று கத்தினார். பொலிக்கு எதிரில் நின்று அந்த 'போ' வார்த்தையைச் சொல்லிவிட்டாரே என்று குள்ளம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரிலேயே அதிகாரி நிற்பதைப் பார்க்காமல் பேசிவிட்டார்.

"சாரு, நீங்க பசங்களுக்குப் பாடம் சொல்லுங்க. காத்துக்கும் களத்துக்கும் சொல்லாதீங்க. அது உங்க பேச்சைக் கேக்காது."

கூடி நின்ற ஜனம் சிரித்தது. அதிகாரியும் சிரித்ததாகச் சொல்கிறார்கள். உயர்நிலைப்பள்ளி அனுமதி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அன்று பிற்பகல் காற்று வீசியது. அதற்குள் தலைமையாசிரியர் சைக்கிளை மிதித்துப் போய்ப் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. பி.ஏ. படித்தவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று ஊர் நினைத்தது. நான் படித்தது சரித்திரம். ஆனாலும் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குள்ளம்மாளை அழைத்துக்கொண்டு அரூரில் அப்துல் ரஷீத் வக்கீலிடம் போனேன். அவர் தண்டனைச் சட்டப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் இருந்த அந்தப் பிரிவை நானே வாசித்து, நானே தமிழில் சொன்னேன். அடுத்தவர் வசத்தில் உள்ள இடத்துக்குள் சும்மா நுழைந்துவிட்டால் மட்டும் அது குற்றமாகாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ வேண்டுமென்று நுழைய வேண்டும். முறையாக உள்ளே வந்தவர்கூட, அப்படிப்பட்ட எண்ணத்தோடு அங்கேயே முறைகேடாகத் தங்கிவிட்டால் குற்றம்தான்.

என்ன எண்ணத்தோடு போனீர்கள் என்று வக்கீல் கேட்டார். "கேவுரு தூத்தற எண்ணத்தோடதான்" என்றார் குள்ளம்மாள். வேறு எந்த எண்ணத்தோடு ஒருத்தி முறத்தை எடுத்துக்கொண்டு போவாள் என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

வக்கீல் சிரித்துவிட்டு, சிக்கல் எங்கே இருக்கிறதென்று சொன்னார். கேட்டைத் திறந்துவிட்டது காவல்காரர், அதனால் நுழைந்தது பிரச்சினை இல்லை. ஆனால் வெளியேறச் சொன்ன பிறகும் வேண்டுமென்றே தங்கினார், தலைமையாசிரியரை அவமதித்தார் என்று புகாரில் இருக்கிறது. சொன்னதற்குச் சாட்சி காவல்காரர் மாதுதான். போலீஸில் அப்படித்தான் வாக்குமூலம் எழுதியிருக்கிறார்கள். அவர் கூண்டில் ஏறி ஆமாம் என்றால் தண்டனை. ஜெயிலும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு வழக்கு விசாரணைக்கு வரும்வரை மாது அண்ணன் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இல்லை. அக்கா எதிரில் வந்தால் அவர் சந்து மாறினார். தலைமையாசிரியர் எதிரில் வந்தால் குடத்தைத் தூக்கினார். இரண்டு பேரும் இல்லாத நேரத்தில் வேலியோரம் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதையே போட்டுவிட்டார். தலைமையாசிரியர் அவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னதைச் சொன்னேன் என்று சொல், அது போதும் என்றுதான் சொன்னார். மாது அண்ணன் உண்மையாகவே சொல்லியிருந்தார் என்று அவர் நம்பினார். நிரந்தர ஆர்டருக்கான பரிந்துரையையும் எழுதி வைத்திருந்தார். வழக்கு முடியட்டும், அனுப்புகிறேன் என்றார்.

செல்லி அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது மாது அண்ணன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அண்ணி என்னிடம் பேசுகிற மாதிரி அவரிடம்தான் பேசினார். அக்காவுக்கு இரண்டு ஆம்பளைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, அபராதம் கட்டினால் நாலு நாளில் ஊர் மறந்துவிடும், எனக்கு என்ன இருக்கிறது என்றார்.

"தம்பி, நீ படிச்சவன், நீயே சொல்லு. ஒத்த வார்த்தை. ஆமாங்கன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டா, ஆர்டர் வூடு தேடி வரும். இவரு வாய் என்ன தேஞ்சா போயிரும்?"

பொய்ச் சாட்சி சொன்னால் தண்டனை உண்டு என்று மட்டும் சொன்னேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். இதற்குத்தானா சேலம் போய்ப் படித்தாய் என்று கேட்கிற பார்வை. மாது அண்ணன் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அரூர் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மாது அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் வராந்தாவின் மறுகோடியில் இருந்தார். ஓடிவந்து கூண்டில் ஏறினார். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் மட்டும் மாறி மாறி நின்றது. ஒழுங்காக நில்லும் என்று கோர்ட் டவாலி அதட்டினார்.

சர்க்கார் தரப்பில் கேள்வி கேட்டார்கள். வேலை, வேலி, பலகை எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கேட்டைத் திறந்துவிட்டது தான்தான் என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. தலைமையாசிரியர் உத்தரவுப்படி எதிரி குள்ளம்மாளை வெளியே போகச் சொன்னீரா?

செல்லி அண்ணி கடைசி பெஞ்சில் இருந்தார். தலைமையாசிரியர் முன்னால் இருந்தார். குள்ளம்மாள் தம்பியைப் பார்க்கவே இல்லை, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலீங்க" என்றார் மாது அண்ணன்.

போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டினார்கள். கையெழுத்து அவருடையதுதான். எழுதும்போது நான் சும்மா நின்றேன் என்றார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார், உத்தரவு போட்டும் ஏன் சொல்லவில்லை என்று.

"களத்துல பொலி கெடந்துதுங்க. பொலி கெடக்கறப்ப யாரையும் அந்த மாதிரி சொல்ற வழக்கம் இல்லீங்க. அக்கான்னு இல்ல, ஆரு இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டனுங்க. சாயங்காலம் வூட்டுக்கு வா, களி இருக்குதுன்னுதான் சொன்னேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அவருக்கும் எங்கேயோ நிலம் இருந்திருக்க வேண்டும். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டும், சாட்சி என்பது விளையாட்டில்லை என்று நன்றாகத் திட்டினார். அடுத்த வாய்தாவில் தீர்ப்பு வந்தது. உள்ளே வந்தது காவல்காரர் அனுமதித்து. வெளியேறும்படி சொன்னதற்குச் சாட்சியம் இல்லை. திங்கட்கிழமை பேசிய பேச்சு மரியாதைக் குறைவானதுதான், ஆனால் எதிரி களத்தில் தங்கியது காற்றுக்காக, எரிச்சலூட்டுவதற்காக இல்லை. விடுதலை.

அரூரிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் போக அப்போது ஒரே பஸ்தான். அதனால் வழக்குப் போட்டவர், ஜெயித்தவர், சாட்சி சொன்னவர், நான் எல்லோரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். தலைமையாசிரியர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குள்ளம்மாள் பெண்கள் பக்கம். இடம் காலியாக இருந்தும் மாது அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் நெருங்கும் நேரத்தில் தலைமையாசிரியர் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மாது, எங்கிட்டப் பொய் சொன்னியா, கோர்ட்ல பொய் சொன்னியா?"

"உங்ககிட்டதாங்க சார்."

"சொல்லலன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்ப் பேசியிருப்பேனே. ஒரு நாள் இருந்துதே, ஆள் விட்டு மூட்டை கட்டியாவது வெச்சிருக்கலாமே. பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு."

"அதுக்குத்தாங்க சார் சொல்லல. நீங்க வந்தா அந்த வார்த்தையச் சொல்லிப்புடுவீங்கன்னு பயம்."

இனி உன்னிடம் சாவியை விட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது என்றார் தலைமையாசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. மாது அண்ணன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அங்கேயே கொடுத்துவிட்டார். அதைக் கொடுத்த பிறகுதான் அவருடைய கால் நின்றதைப் பார்த்தேன். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

செல்லி அண்ணி புருஷனோடு பேச்சை நிறுத்தினார். விடுதலையான சந்தோஷத்தில் குள்ளம்மாள் ஒரு மூட்டை கேவுரு கொண்டுவந்து இறக்கினார். "அந்தக் கேவுருதான் எம் புருஷன் வேலையத் தின்னுது, அதை நாங்க வேற திங்கணுமா?" என்று அண்ணி கேட்க, மூட்டை வந்த வழியே திரும்பியது. ஒரு வாரத்தில் மாது அண்ணன் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். கடலைக்கொல்லை வேலைக்கு அண்ணி மறுபடி கிளம்புவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர் கிளம்பியது பள்ளிக்கூடத்துக்கு. தலையை வாரி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் அறைக்குள் நின்றிருக்கிறார். ஒரு விண்ணப்பம் எழுத என்னையும் கையோடு கூட்டிப்போனார், அதனால் நடந்தது எனக்குத் தெரியும். அந்தக் காவல் வேலையை எனக்குக் கொடுங்கள் என்றார். பெண்களுக்குக் காவல் வேலை கொடுக்க வழியில்லை, தண்ணீர் ஊற்றுகிற ஆள் வேலை காலியாக இருக்கிறது, கேட்டுச் சாவியும் அந்த ஆளிடம்தான் இருக்கும் என்று தலைமையாசிரியர் யோசித்து யோசித்துச் சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "அம்மா, அடுத்த தையிலும் கேவுரு வரும். நீங்களும் இந்த ஊர்தானே?"

"நான் பாப்பிரெட்டிப்பட்டிங்க" என்றார் அண்ணி. "எங்க ஊர்ல பொலி கெடந்தா செருப்புப் போடக் கூடாது, அவ்வளவுதான். மத்தபடி ஆரை வேணும்னாலும் போகச் சொல்லலாம்."

தலைமையாசிரியர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். விண்ணப்பத்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அடுத்த தையில் வண்டிகள் கேட்டுக்கு வந்தன. தலைமையாசிரியர் கிழக்கு ஓரமாகக் கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருந்தார், லீவு முடிகிற வரைக்கும் என்ற கெடுவோடு. செல்லி அண்ணி கேட்டில் நின்று ஒவ்வொரு வண்டியையும் செக்போஸ்ட்டில் சோதிக்கிற மாதிரி சோதித்து உள்ளே விட்டார். குள்ளம்மாள் வண்டி வந்தபோது இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் கேட்டு திறந்தது. அந்த வருடம் லீவு முடியுமுன் களம் காலி. சொல்ல வேண்டியதை அண்ணி சொல்லியிருப்பார். விளைச்சல் குறையவில்லை, கூடவும் இல்லை. எழுபதில் எங்கள் ஊருக்கு ஒன்பதாம் வகுப்பு வந்தது. எழுபத்து மூன்றில் அண்ணிக்கு நிரந்தர ஆர்டர் வந்தது.

மாது அண்ணன் வருவார், போவார். பெங்களூரிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து மறுபடி ஒகேனக்கல். போன மாதம் அரூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மூத்த மகள் ஒன்பதாவதில் நன்றாகப் படிக்கிறாள் என்றார். இந்த முறை எத்தனை நாள் ஊரில் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்கண்ணி கையிலதான். வந்தன்னைக்கே கேக்கறா, எப்ப கெளம்பறன்னு."

சொல்லும்போதே அவர் கண் அடுத்து வந்து நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எந்த ஊர் பஸ் என்று என்னிடம் கேட்டார். கிருஷ்ணகிரி என்றேன். அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டபடியே படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.